கவிழ்த்தாலும் விழாத பால் புட்டிங்

எங்கள் சித்தி ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினெட்டு வருஷமாகப் பால் புட்டிங் கிண்டியவள். பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கிளறி, கிண்ணங்களில் ஆறவைத்து அனுப்ப வேண்டும். நோயாளிக்குத் தெம்பு தருமாம்.

அந்தத் தெம்பை அளப்பவர் மேற்பார்வையாளர். தினமும் காலையில் ஏதோ ஒரு கிண்ணத்தை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார். விழாவிட்டால் "நல்ல சத்து" என்று கையெழுத்துப் போடுவார். விழுந்தால் வேலை காலி. சித்திக்கு முன்பிருந்தவள் அப்படித்தான் போனாள். சித்தியா சும்மா இருப்பாள்? மாவை இரட்டிப்பாக்கினாள், பாதிப் பாலை எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டாள். புட்டிங் அசையவே அசையாது. எடுத்த பால் சமையலறை டீயில் போய்ச் சேர்ந்தது. அங்கே எல்லோருக்கும் கன்னம் பளபளத்தது.

ஒருநாள் சித்தப்பா மாடிப்படியில் வழுக்கி, தொடை எலும்பை முறித்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். மெல்லப் பல் இல்லாத மனிதர், புட்டிங்தான் இறங்கும். வாரங்கள் போயும் எலும்பு கூடுகிற வழியைக் காணோம்.

"பால் நெறைய குடுங்கம்மா," என்றார் டாக்டர். "எலும்புக்கு வேண்டிய புரதம், கால்சியம் எல்லாம் அதுலதான் இருக்கு. மாவு வயித்த ரொப்பும், அவ்வளவுதான்."

"தெனமும் ரெண்டு கிண்ணம் பால் புட்டிங் சாப்பிடுறாரே டாக்டர்," என்றாள் நர்ஸ்.

சித்தி அங்கிருந்து நழுவினாள். பாத்திரம் கழுவுமிடத்தில் போய் நின்று அழுததாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

சித்தப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம் செய்திருக்கலாம். ஆனால் எந்தக் கிண்ணம் எந்தக் கட்டிலுக்குப் போகும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மறுநாள் முழுப் பாலையும் சுண்டக் காய்ச்சி, மாவைக் கொஞ்சமாகப் போட்டாள். பாலில்லாத டீயைப் பார்த்துக் காய் நறுக்குகிறவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் வந்தார், கிண்ணத்தைக் கவிழ்த்தார். சட்டையிலிருந்து ஷூ வரை வழிந்தது.

"என்னம்மா இது?"

"இதுதான் சார் பால். இத்தன நாளா நீங்க பாத்தது மாவு."

சித்தியை வேலையை விட்டு அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் பதினெட்டு வருஷம் மாவுக்குக் கையெழுத்துப் போட்ட கதையும் வெளியே வரும். அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சித்தப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னைக்கு நீ பண்ணல போல, எவளோ தண்ணியாப் பண்ணிட்டா. சத்தே இல்ல. நீ போய் ஒரு வார்த்த கேளு."

"கேக்குறேன்," என்றாள் சித்தி. "மொதல்ல வாயத் தொறங்க."