என் இடக்காது வழக்கு

எனக்கு ஏழு வயதான அந்தக் கோடை விடுமுறையில், வீட்டில் யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு என் இடது காதில்தான் வந்து நிற்கும். பிறவியிலேயே எனக்கு இரண்டு காதும் கேட்காது. மூன்று வயதில் வலது காதில் ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். நாங்கள் அதை மெஷின் என்போம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பாட்டு, சண்டை, கோள்மூட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டிருந்தேன். இப்போது இடது காதுக்கும் வைக்கலாம், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எனக்கு ஒரே குஷி. கம்மல், கொலுசு, செருப்பு எல்லாம் ஜோடியாக இருக்க, மெஷின் மட்டும் ஏன் ஒற்றையாக இருக்க வேண்டும்? புதியது நீல நிறம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். அப்பாவோ, நாளைக்கே இதைவிட நல்லதாக ஏதாவது வரும், அதற்கு ஒரு காதாவது மிச்சம் இருக்கட்டும் என்றார். அம்மாவுக்குப் பயம். "இன்னொரு தபா அந்த ஆபரேஷன் ரூம் வாசல்ல என்னால நிக்க முடியாது. ஒண்ணு போதும்."

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து கிளியனூர் மாமா வீட்டுக்குப் போனோம். மாமா என் கட்சி.

"எம் மடியில உக்கார வெச்சி ரெண்டு காதுந்தானே குத்துனோம்? தாய்மாமன் சொல்றேன், ரெண்டுத்துக்கும் வைங்க" என்று பிரியாணித் தட்டும் கையுமாகத் தீர்ப்பு வழங்கினார். அம்மா அசையவில்லை. நான் அழுது பார்த்தேன். சாப்பிட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு பசித்ததால் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் மாமா பையன்களோடு கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம். கைதட்டுகிறவனைப் பிடிக்க வேண்டும். அவர்கள் முறை வந்தபோது நொடியில் பிடித்துவிட்டார்கள். என் முறைக்கு, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் மெஷின் வில்லை விழாதபடி அம்மாவே துண்டைக் கட்டிவிட்டாள். இடப்பக்கம் தட்டினார்கள், நான் வலப்பக்கம் பாய்ந்தேன். பின்னால் தட்டினார்கள், மறுபடியும் வலப்பக்கம். ஒருமுறை கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு "புடிச்சிட்டேன்" என்று கத்தினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ம்மா, இவனுங்க துண்டுக்கு அடியில பாத்துக்கினு ஆடுறானுங்க. நான் மட்டுந்தான் பாக்காம ஆடுறேன்!"

அம்மா சிரிக்கவில்லை. துண்டை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் வலப்பக்கம் கையை நீட்டினேன். கண்ணைத் திறந்தபோது அவள் இடப்பக்கம் நின்றிருந்தாள்.

"அண்ணா, ரெண்டுத்துக்கும் வெச்சிடலாம்" என்றாள் மாமாவிடம். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

நான் குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்து போனது. என் அழுகைதான் பலித்தது என்று தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன். சத்தம் நாலா பக்கத்திலிருந்தும் வரும் என்பதே அன்று எனக்குத் தெரியாது. சத்தம் என்றால் வலப்பக்கம்தான் கேட்கும், ஆள் எங்கே என்று கண்ணால்தான் தேடிக்கொள்ள வேண்டும், உலகத்தில் எல்லோருக்குமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.