நாய்க்குக் கொடுக்காத மூடி

பாலைவனத்தில் இருக்கும் ஒரு கல் வளைவைப் பார்க்க மெல்பேர்னிலிருந்து குடும்பமாகப் போனோம். காரை நிறுத்திய இடத்திலிருந்து அரை மணி நேர நடைதான், நாயும் வரலாம் என்று பலகையில் போட்டிருந்தது. பாதி வழியில் மகளின் நாய் சுடுமணலில் விழுந்து, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தது.

"அப்பா, சாப்பாட்டுப் பெட்டி மூடியில கொஞ்சம் தண்ணி விடுங்கோ. செத்துப்போயிடும்," என்றாள் மகள்.

"நாய் நக்கின மூடியில பிறகு ஆர் சாப்பிடுறது? வளைவு கிட்டத்தான், தூக்கிக்கொண்டு வா," என்றேன். என் பையில் இரண்டு போத்தல் தண்ணீர் இருந்தது.

எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரி தன் தொப்பியைக் கழற்றி, அதில் தண்ணீரை ஊற்றி வைத்தாள். நாய் குடித்துவிட்டு எழுந்தது. அவள் அந்த ஈரத் தொப்பியையே தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மகள் அதற்குமேல் வரவில்லை. நான் மட்டும் வளைவின் கீழ் நின்று படம் எடுத்தேன். அதில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தை இன்றுவரை ஒருவருக்கும் காட்டவில்லை.