பாஸ்டர் வாசிக்காத சீட்டு

தம்பி இறந்தபின் லிங்கராஜபுரம் சபையில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன். ஜெபம் வராது. பக்கத்தில் ஆஸ்பத்திரி ஆயா ஒருவர் டெட்டால் வாசனையோடு வந்து உட்காருவார். வாராவாரம் ஜெபப் பெட்டிக்கு ஒரே சீட்டுதான் எழுதுவார்: "என் மகனை ஏன் எடுத்தீர்?" பாஸ்டர் மற்ற சீட்டுகளை வாசிப்பார். இதை மட்டும் மடித்து வைத்துவிடுவார்.

"பாஸ்டர் படிக்கவே மாட்டேங்குறாரேக்கா," என்றேன்.

"அவருக்கா எழுதுனேன்?"

"பதில் வந்துச்சா?"

"இல்ல. கேக்கறதுக்கு வேற யாரு இருக்கா, சொல்லு?"

பாட்டு தொடங்கியதும் எழுந்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்.

பிறகு அந்த அக்கா வரவில்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் பாஸ்டர் ஒரு சீட்டை வாசிக்காமல் மடித்தார். அதே கேள்வியில், மகன் என்ற இடத்தில் தம்பி பெயரை எழுதியிருந்தேன்.