கதவைவிடப் பெரிய கூடை

நகரப் பேருந்து ஓட்டிய காலத்தில் அவருக்குச் ‘சந்து ராஜா’ என்று பெயர். தள்ளுவண்டிகளும் மாடிப்படிகளும் இரண்டு பக்கமும் நெருக்கும் தெருவில்கூட ஒரு கீறல் விழாமல் வண்டியை வெளியே கொண்டுவந்துவிடுவார். ஓய்வு பெற்றதும் கைகள் சும்மா இருக்க மறுத்தன. சாப்பாட்டுத் தட்டைக்கூட ஸ்டியரிங் போலப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். தையல் வேலை செய்யும் மனைவிக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றியது.

ஒருநாள் கால்வாய்க் கரையில் நடக்கும்போது புதரில் படர்ந்திருந்த காட்டுக்கொடியை இழுத்துப் பார்த்தார். லேசில் அறுபடவில்லை. ஒரு கட்டு வெட்டிவந்தார். வீட்டிலிருந்த பழைய பழக்கூடையைப் பிரிப்பதும் பின்னுவதுமாகக் கையைப் பழக்கினார். அவருடைய முதல் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“டயர் பஞ்சரான மாதிரி நிக்குது,” என்றாள் மனைவி. ஆனாலும் வெங்காயத்தை அதில்தான் கொட்டிவைத்தாள்.

பிறகு வீடு அவள் கையில் இல்லை. ஜன்னல் கம்பியில், விளிம்பு கட்ட அறுத்துவந்த கோரை காய்ந்தது. குளியலறைத் தொட்டியில் கொடிகள் சுருண்டு ஊறின.

“ஏங்க, நான் குளிக்கணும். உங்க பாம்புங்களைக் கொஞ்சம் எழுந்திரிக்கச் சொல்லுங்க.”

கூடைகள் நேராக நிற்கத் தொடங்கியதும், சலவைக்கடை வைத்திருந்த மச்சான், அவளுடைய தம்பி, வந்து கேட்டான். “மாமா, அழுக்குத் துணி போட பெருசா ஒண்ணு வேணும். நானே உள்ள இறங்கி நிக்கலாம்போல இருக்கணும்.”

பெருசு என்று கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டதால் முன்னறையிலேயே உட்கார்ந்தார். பின்னப் பின்னக் கூடை அகன்றது. கடைசியில் அவரே கூடைக்குள் நின்று விளிம்பு கட்டினார். அவள் தேநீர்க் குவளையை உள்ளே நீட்ட வேண்டியிருந்தது.

மழை விட்டதும் மச்சான் வண்டியோடு வந்தான். மூவருமாகக் கூடையை வாசலுக்கு உருட்டினார்கள். கதவு நிலையில் முட்டி நின்றது. சாய்த்தார்கள், கவிழ்த்தார்கள். ஊஹூம்.

“ஊர்ச் சந்தெல்லாம் பஸ்ஸை விட்டீங்க. சொந்த வீட்டுக் கதவை அளக்கத் தெரியலையா?” என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மாடி வீட்டுக் கொத்தனார் இறங்கிவந்து, நிலையைப் பெயர்த்துத் தரட்டுமா என்று அக்கறையாகக் கேட்டார். மச்சான் ரம்பம் எடுத்துவரப் போனான்.

“ரம்பம் கொண்டுவந்தா என்னை அறுத்துட்டு அப்புறம் கூடையை அறு,” என்று சந்து ராஜா கூடையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “ஊறினா வளையும்னுதானே என் தொட்டியைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க? இதையும் ஊற வைங்க.”

அவர் அவளையே பார்த்தார். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

பழைய போர்வைகளை நனைத்துக் கூடைமேல் சுற்றினார்கள். காயக் காயத் தண்ணீர் தெளித்தார்கள். முன்னறை குளமாயிற்று. சாயங்காலம் தொட்டுப் பார்த்தபோது கொடி கைக்கு இணங்கியது. இரண்டு பக்கமும் அமுக்கிக் கயிற்றால் இறுக்கினார்கள். மச்சானும் கொத்தனாரும் உள்ளிருந்து தள்ள, அவர் வெளியிலிருந்து வாங்க, அவள் படியில் நின்று கண்டக்டர் ஆனாள்.

“வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல இடிக்குது... ஹோல்டான்... ரைட், போலாம்.”

கூடை தெருவுக்கு வந்துவிட்டது. காய்ந்தபின் பழைய வட்டத்துக்குத் திரும்பாமல் முட்டை வடிவத்தில் நின்றது. சுவரோரம் அடக்கமாக இருக்கிறது என்று மச்சானுக்கு ஏக சந்தோஷம். அதைப் பார்த்த ரொட்டிக்கடைக்காரரும் அதே வடிவத்தில் ஒன்று கேட்டார்.

அந்தக் கூடைக்கு இருவருமாகக் கொடி வெட்டப் போனார்கள். வெண்டைக்காய் வாங்குவதுபோல ஒவ்வொரு நுனியாக ஒடித்துப் பார்த்து, அவர் வெட்டிப் போட்டதில் பாதியை அவள் புதருக்கே திருப்பி எறிந்தாள். அவர் அடுத்த கொடியை அவள் பார்க்க நீட்டினார்.