ஓசி டீச்சரும் லைசென்ஸ்காரனும்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஓசி டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. கம்ப்யூட்டர் பாடம் எடுக்க வந்த முதல் நாளே அவள் போர்டில் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெரிதாக எழுதினாள். இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றி எழுதலாம் என்று தொண்டை வற்ற விளக்கினாள். பிள்ளைகள் காதில் 'காசு கொடுக்காமல்' மட்டும்தான் விழுந்தது. "ஓசி இல்லடா, உரிமைடா!" என்று அவள் திருத்தத் திருத்த, பெயர் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

அவள் கணவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. லைசென்ஸ். கடை கடையாக, ஆபீஸ் ஆபீஸாகப் படியேறி ஒரு பெரிய கம்பெனியின் மென்பொருளை விற்கிறவன். வருடா வருடம் பணம் கட்டினால் அது ஓடும், கட்டாவிட்டால் நின்றுவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. கல்யாணம் பேசும்போது இரண்டு வீட்டாரும், "ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர்லதான் வேலை, இதைவிடப் பொருத்தம் எங்க தேடினாலும் கிடைக்காது" என்று பூரித்துப்போனார்கள். ஆட்டுக்கும் கசாப்புக்காரனுக்கும் ஒரே கடையில்தான் வேலை என்பது போன்ற பொருத்தம் அது.

சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

"உங்க கம்பெனி விக்கிறது பூட்டுங்க. சாவியையும் அவங்களே வச்சுக்குறாங்க."

"உன்னோடது ரிப்பேரானா யாரைக் கூப்பிடுவே? உலகத்துல எங்கயோ தாடி வச்ச ஒருத்தன் தூங்கி எந்திரிச்சு பதில் போடற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்."

"அவன் பதிலாவது போடுறான். உங்க ஆளுங்க போன்ல பாட்டுல்ல போடுறாங்க!"

நடுவில் உட்கார்ந்து சாப்பிடும் மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு பேருக்கும் சம்பளம் வேற கொடுக்குறாங்களா?" என்று கேட்பாள். சண்டை அத்தோடு நிற்கும்.

டீச்சரின் உயிர் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேபில் இருந்தது. லேப் என்பது மரியாதைக்குச் சொல்வது. மாடிப்படிக்குக் கீழே, சாய்ந்த கூரையோடு ஒரு நீள அறை. ஏதோ ஒரு பேங்க் வேண்டாம் என்று கழித்துக்கட்டிய மெஷின்கள். ஒன்றுக்கு மூடி கிடையாது. இன்னொன்று கிளம்பும்போது பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டும் பொறுப்புக்கு மாணவர்களிடையே போட்டியே உண்டு. கம்பெனி மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டால் இவை மூச்சு முட்டிச் செத்துவிடும். லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டு டீச்சர் உயிரோடு வைத்திருந்தாள். அவளுடைய பிள்ளைகள் பள்ளிக்கூட மணி அடிக்கும் நிரலைத் திறந்து பார்த்து, கணக்குப் பாடத்தை மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சீக்கிரமாக முடித்துவைத்தார்கள். பிடிபட்டதும் டீச்சர் திட்டினாள். திட்டி முடித்துவிட்டுத் தனியே போய்ச் சிரித்தாள். உள்ளே கைவைக்கக் கற்றுக்கொண்டார்களே!

அவளை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிரின்டருக்கும் லினக்ஸுக்கும் ஒத்துவரவில்லை. ஆபீஸ் கிளார்க் தலையில் அடித்துக்கொண்டு, "டீச்சர், பழையதையே போட்டுக் கொடுத்துடுங்களேன்" என்று கெஞ்சினார். மாட்டேன் என்று ஒரு விடுமுறை முழுக்க மல்லுக்கட்டினாள். கடைசியில் பிரின்டர் வேலை செய்தது, பக்கத்தில் பாதி மட்டும். பரீட்சைக்குப் பாதிக் கேள்வித்தாள் வந்த அந்த ஒரு நாள்தான் அவள் பிள்ளைகளுக்குக் கடவுளாகத் தெரிந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் கம்பெனி குண்டைப் போட்டது. அவள் கணவனின் விற்பனை படுத்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு, "உங்க மனைவி வேலை பார்க்கிற ஸ்கூல்லயே நம்ம சரக்கை விக்க முடியல. வெளிய என்ன விக்கப் போறீங்க? இந்த ஸ்கூல் வியாபாரம் முடிஞ்சா நீங்க வேலையில இருப்பீங்க. இல்லைன்னா பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டான். திட்டமும் அவனே கொடுத்தான். பள்ளிக்கூடத்துக்குப் புது மெஷின்கள், முதல் வருடம் மென்பொருள் இலவசம், அடுத்த வருடத்திலிருந்து பணம். பழைய மெஷின்கள் காயலான் கடைக்கு. டீச்சர் இனி கம்பெனி அனுப்பும் பாடத்தை நடத்தி, கம்பெனி அனுப்பும் சான்றிதழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதும்.

அவன் இதை வீட்டில் சொன்னபோது சண்டை வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விற்றால் அவள் லேப் போகும், விற்காவிட்டால் அவன் வேலை போகும். "உங்க வேலையை நீங்க பாருங்க. நான் குறுக்க வரமாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை.

அவள் அவனிடம் மறைத்த விஷயம் இன்னொன்று இருந்தது. வெகுநாள் முன்பு அவனுடைய ஆபீஸ் லேப்டாப் படுத்தும் பாட்டைப் பார்த்து, பாவமாக இருக்கிறதே என்று, அவனுக்குத் தெரியாமல் கம்பெனியின் ஸ்லைடு போடும் மென்பொருளைத் தூக்கிவிட்டுக் கட்டற்ற ஒன்றைப் போட்டுவைத்திருந்தாள். வெளியே தெரியும் படம், பெயர், நிறம் எல்லாவற்றையும் கம்பெனியுடையதைப் போலவே மாற்றியிருந்தாள். அதாவது, கம்பெனி மென்பொருளின் பெருமையை அவன் ஊரெல்லாம் விளக்கியது அவள் போட்ட ஓசி மென்பொருளில். ஆரம்பத்தில் நினைத்து நினைத்துச் சிரித்தாள். பிறகு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

கம்பெனி மென்பொருளைப் பள்ளிக்கூடத்தில் காட்டும் நாள் வந்தது. லேபிலேயே ஏற்பாடு. ஒரு மேஜையில் புது மெஷின் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பழையவை சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்தன. தாளாளர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முகம் மலர்கிற மனிதர். டீச்சர் கடைசியில், மெயின் சுவிட்சுக்கு அடியில் இருக்கும் தன் நாற்காலியில் இருந்தாள். அறையின் வயரிங் லட்சணம் அப்படி, எப்போது அணைக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது.

கணவன் நன்றாகப் பேசினான். வீட்டில் பேசுவதைவிட அழகாக. அவனுடைய லேப்டாப்பிலிருந்து ஸ்லைடுகள் தடங்கல் இல்லாமல் நகர்ந்தன. தாளாளர் தலையை ஆட்டிக்கொண்டே, "இந்தப் படம் காட்டுதே, இதுவும் உங்க கம்பெனிதுதானா?" என்றார்.

"ஆமா சார்."

"எந்த வருஷத்துப் பதிப்பு? பழசை நம்ம தலையில கட்டிடக் கூடாது பாருங்க. காட்டுங்க."

கணவன் சிரித்தபடி ஸ்லைடை நிறுத்தினான். திரையில் அம்பு மேல்நோக்கி நகர்ந்தது. மேலே 'உதவி' இருந்தது. அதை அழுத்தி, 'பற்றி' என்பதைத் தொட்டால் கட்டற்ற மென்பொருளின் உண்மைப் பெயர் கொட்டை எழுத்தில் வரும். படத்தையும் நிறத்தையும் மாற்றியவள் அதை மட்டும் மாற்றவில்லை. எழுதியவர்களின் பெயரை அழிப்பது பாவம் என்பது அவள் கொள்கை. கொள்கையாவது மண்ணாவது! அத்தனை பேர் முன்னால் அவன் கையும் களவுமாக நிற்கப்போகிறான். விட்டால் லேப் பிழைக்கும் என்பதுகூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கை தானாக மேலே போய் மெயினை இறக்கியது.

அறை இருண்டது. லேப்டாப்பும் அணைந்தது. அதன் பேட்டரி செத்து நாளாகியிருந்தது, கம்பெனி மாற்றித்தரவில்லை. "வயரிங் சார், அடிக்கடி ஆகும்" என்று டீச்சர் பூசி மெழுகிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

பழைய மெஷின்கள் இருமிக்கொண்டே எழுந்தன. ஒரு மாணவி ஓடிப்போய் ஒன்றைத் தட்டினாள், அதுவும் எழுந்தது. புது மெஷின் எழுந்து, ஒரு நீலப் பெட்டியைக் காட்டியது. லைசென்ஸ் உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டும், இணையத்தோடு இணைக்கவும். இணையப் பெட்டியும் அதே மெயினில்தான் இருந்தது. அது உயிர் பெறாமல் சிவப்பாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. கணவன் உதவி எண்ணுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டான். எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள் என்று ஒரு குரல் சொன்னது. பிறகு பாட்டு. பாட்டு முடிந்து மறுபடி அதே குரல். மறுபடி பாட்டு.

தாளாளர் பாட்டுக்குத் தாளம் போட்டபடி சுவரோர மெஷின்களைப் பார்த்தார். "டீச்சர், இதெல்லாம் யார்கிட்டயும் பர்மிஷன் கேக்காதா?"

வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் அவள். "கேக்காது சார்" என்று முனகினாள்.

"காசு?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்குங்க புதுசு?" என்று தாளாளர் எழுந்துவிட்டார். உரிமையாவது ஒன்றாவது, அந்த மனிதரைப் பிடித்தது ஓசிதான்.

கணவன் அன்றிலிருந்து பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவ்வளவு அமைதியை மாமியார் பார்த்ததே இல்லை. "சண்டையாவது போடுங்களேன், எனக்குச் சோறு இறங்கல" என்றாள். அந்த வாரக் கடைசியில் கம்பெனி அவனைக் கூப்பிட்டு, கை குலுக்கி, வேலையை விட்டு அனுப்பியது.

சாயங்காலம் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். "உன் லேபு பொழைச்சுருச்சு. சந்தோஷம்தானே?"

"என்னங்க இப்படிப் பேசுறீங்க?"

"மெயினை அணைச்சது நீதான்னு தெரியாதா எனக்கு? உன் கை எங்க இருந்துச்சுன்னு நான் பார்த்தேன். குறுக்க வரமாட்டேன்னு சொன்னியே."

"ஐயோ, உங்களைக் காப்பாத்தத்தான் அணைச்சேன்!" என்றாள் அவள். "உங்க லேப்டாப்ல இருக்கிறது கம்பெனிது இல்லைங்க. நான் மாத்திட்டேன். வெளிய மட்டும் அதே மாதிரி. நீங்க உதவியை அழுத்தியிருந்தா அத்தனை பேர் முன்னாடி மானம் போயிருக்கும்..."

அவன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அது எனக்குத் தெரியும்டி."

"என்னது?"

"நீ மாத்தின மறுநாளே தெரியும். அதுக்கு முன்னாடி ஒருநாளாவது அது நடுவுல நிக்காம ஓடியிருக்கா? அந்த உதவிப் பக்கமே நான் போனதில்ல. அன்னைக்கு ஸ்லைடை மூடிட்டு, புது மெஷின்ல இருக்கிறதைக் காட்டலாம்னுதான் மேல போனேன்."

அவள் சும்மா இருந்திருந்தால் விற்பனை முடிந்திருக்கும். அவன் வேலை நிலைத்திருக்கும். காப்பாற்றுகிறேன் என்று அவன் பிழைப்பில் அவளே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா ஜெயிச்சுட்டேன்னு குதிப்பே. இல்லைன்னா ரோஷத்துல எடுத்துடுவே." அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். "எடுத்துடக் கூடாதுன்னுதான். நல்லா ஓடுச்சு."

இந்த ஒரு சொல்லை அவன் வாயால் கேட்க அவள் எத்தனை இரவுச் சாப்பாட்டை ஆறவிட்டிருப்பாள்! இப்போது கேட்டாள், அழுகைதான் வந்தது. அழுதாள். அவன் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தான்.

"நாளைக்கு இதைத் திருப்பிக் கொடுக்கணும். எதை வச்சு வித்துக்கிட்டு இருந்தேன்னு அவங்க பார்த்தா அசிங்கம். கம்பெனிது எல்லாம் பழையபடி போட்டுக் கொடு."

ஓசி டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கையால் போட்டதைத் தன் கையால் நீக்கினாள். கம்பெனியுடையதைப் போட்டாள். ஒப்பந்தத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டது. ஏற்கிறேன் என்று அழுத்தினாள். பிறகு லைசென்ஸ் எண் கேட்டது.

அவன் பின்னால் நின்று, எதையும் பார்க்காமல், மனப்பாடமாக ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். கண்ணில் நீர் நின்றதில் எங்கோ ஓர் எழுத்து தப்பி, திரை செல்லாது என்றது.

"மறுபடி சொல்லுங்க" என்றாள். அவன் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.