வகுப்பில் எனக்கு மட்டும் தெரியாதது

யுத்தம் கடுமையாக நடந்த வருடங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு சிங்களவரின் வீட்டில் அறையொன்றை வாடகைக்கு எடுத்து அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். புதிதாக வருபவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். அன்று காலை அப்பா அதற்காகத்தான் புறப்பட்டார். நான் கடற்கரைப் பக்க ஒழுங்கையால் டியூட்டரிக்குப் போனேன். உயர்தரத் தமிழ் வகுப்பு.

முரண்நகை பாடம். சொல்வது ஒன்று, கருதுவது வேறொன்று என்றால் அது ஒரு வகை. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடப்பது இன்னொரு வகை என்று தமிழ் படிப்பித்த சேர் விளக்கினார். மூன்றாவதுக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது. பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் மேடையில் நிற்கும் பாத்திரத்துக்கு மட்டும் தெரியாமல் இருப்பது.

நானாகவே எழும்பி உதாரணம் சொன்னேன்.

"மாப்பிள்ளை ஓடிப்போனது ஊருக்கே தெரியும் சேர். பொம்பிளை மட்டும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பூ வைச்சுக்கொண்டிருப்பாள்!"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "சரி பிள்ளை, இருங்கோ" என்றார் சேர். உதாரணம் பிழைத்துவிட்டதென்று வெட்கப்பட்டேன்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் சிநேகிதி கையைப் பிடித்தாள்.

"உன்ர அப்பாவைக் காலி வீதிச் சென்றியில பொலிஸ்காரர் மறிச்சுப் பிடிச்சு வைச்சிருக்கினம். வரேக்க நாங்கள் கண்டனாங்கள்."

"ஏன்டி அப்பவே சொல்லேல்லை?"

"வகுப்பு முடியட்டும் எண்டு சேர்தான் சொன்னவர். நீ பயந்துபோவாய் எண்டு..."

ஓடினேன். அம்மாவையும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அந்தச் சோதனைச் சாவடிக்குப் போனபோது அப்பா அங்கே இல்லை. சற்று முன்புதான் வாகனத்தில் ஏற்றினார்களாம். எங்கே என்று சொல்லவில்லை. பொலிஸில் பதியாததுதான் குற்றம். பதியப் போன மனிதரை வழியில் பிடித்து, ஏன் பதியவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்! "பாதுகாப்பாகத்தான் வைத்திருக்கிறோம்" என்று ஒரு பொலிஸ்காரர் சிங்களத்தில் சொன்னார். வீட்டுக்காரர் அதை எங்களுக்குத் தமிழில் சொல்லும்போது தலை குனிந்துகொண்டார்.

"கொஞ்சம் முந்தி வந்தா, நம்ம வீட்டு ஆள்னு சொல்லி நான் கூட்டி வந்திருப்பேன்" என்றார்.

அப்பா அடுத்த மாதம் வந்தார். இடது காது கேட்கவில்லை. என்ன செய்தார்கள் என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவேயில்லை.

சேர் வீடு தேடி வந்தார். "உங்கட நன்மைக்குத்தான் பிள்ளை" என்றார்.

"என்னை வைச்சே பாடம் நடத்தினீங்கள் சேர்" என்று கதவைச் சாத்தினேன்.

பிடித்தவர்கள் மீதான கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அவர்கள் என்னை அறியாதவர்கள். என்னை அறிந்தவர்கள், என்மேல் இரக்கப்பட்டே, நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்களே, அந்த இரக்கத்தை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.