நாற்பத்து மூன்றாம் மண்டலத்தில் ஒரு துவைகல்

எட்டாம் வகுப்பு வரை போனவன் நான். எட்டில் தேறவும் இல்லை. ஆனாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு நிலத்தை அளக்க வேண்டுமென்றால் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள்கூட என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். பதினாறு வயதில் ஓர் அளவுகாரருக்குச் சங்கிலி இழுக்கப் போனேன். சுசீந்திரத்து வயல் வரப்புகளில் முட்டளவு சேற்றில் நின்று கற்ற தொழில். நான் ஒரு எல்லைக்கல்லை நட்டால் அதைப் பற்றித் தகராறு பேச ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அறுபத்திரண்டு வயதில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டேன். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் அல்ல அது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். உள்ளே கணக்கை எப்படிப் போடுகிறது என்பதையும் ஒளிக்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் படிக்க எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கை ஒளிக்காத அளவுகாரனை நான் நம்புவேன். அதே மாதிரி இதையும் நம்பினேன்.

சென்னையிலிருந்து ஒருவர் யூடியூபில் தமிழில் பாடம் நடத்துவார். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் நானும் வீடியோவை நிறுத்திவிட்டு அதே பொத்தானை அழுத்துவேன். அவர் ‘நாற்பத்து நான்காம் மண்டலம்’ என்று போட்டார். நானும் போட்டேன். ஜிபிஎஸ் கருவியில் அளந்து வைத்திருந்த ஒரு தோப்பின் புள்ளிகளை ஏற்றினேன். திரை முழுக்க நீலமாக வந்தது.

காப்பி கொண்டுவந்த என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “இது என்ன, நீலமா கெடக்கு?”

“கடலு.”

“நீங்க அளந்தது தென்னந்தோப்புல்லா?”

என் தோப்பு இலங்கையையும் தாண்டி நடுக்கடலில் கிடந்தது. இரண்டு நாள் அந்த மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள்தான் விளங்கியது. பூமியை மேலிருந்து கீழாக அறுபது கீற்றாக வகுந்து, ஒவ்வொரு கீற்றையும் ஒரு மண்டலம் என்கிறார்கள். சென்னை நாற்பத்து நான்காம் கீற்றில் இருக்கிறது. மேற்கே ஒதுங்கிக் கிடக்கிற நம்முடைய ஜில்லா நாற்பத்து மூன்றில் வருகிறது. பாடம் நடத்தினவர் தன் ஊருக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மென்பொருளும் நான் சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. ஒரு தாளில் ‘43’ என்று பெரிதாக எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தேன்.

அதற்குப் பிறகு வந்தது அந்த வழிப் பிரச்சினை.

என் வீட்டுக்காரி பிறந்த ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் புருசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நடக்க முடியாத ஆள். ஆட்டோ வாசலுக்கு வந்தால்தான் உண்டு. குளத்தங்கரையை ஒட்டி அவள் வீட்டுக்குப் போகிற வழி எட்டடி. பக்கத்துத் தோப்புக்காரர் கல்ஃபிலிருந்து திரும்பி வந்து காம்பவுண்டுச் சுவருக்கு அஸ்திவாரம் போட வானம் தோண்டிவிட்டார். அந்தச் சுவர் எழும்பினால் அவளுக்கு மிஞ்சுவது இரண்டடி.

“நீங்க நட்டுன கல்லாக்கும் அண்ணாச்சி. அந்தக் கல்ல வச்சுத்தான் அவரு தோண்டியிருக்காரு. ஒருக்கா வந்து பாக்கணும்.”

இருபது வருசத்துக்கு முன் அந்தத் தோப்பை அவர் வாங்கியபோது அளந்துகொடுத்தது நான்தான். “நான் நட்டுன கல்லு தப்பாது, மக்களே” என்றேன். அவள் எழுந்து போகவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தபடி இருந்தாள். சரி, அளந்து காட்டினால் அவளுக்கும் மனம் ஆறும் என்றுதான் கிளம்பினேன்.

அங்கே பழைய சர்வே கற்கள் ஐந்தைக் கண்டுபிடித்து, கருவியை வைத்துப் புள்ளி எடுத்தேன். வீட்டுக்கு வந்து, நிலங்களின் எல்லை வரைந்த அரசாங்கத்துப் புலப்படத்தை அந்தப் புள்ளிகளின் மேல் விரித்தேன். பழைய படத்தைத் தரையோடு ஒட்டவைக்கிற வேலை இந்த மென்பொருளில் அருமையாக வரும். நான்கு கற்கள் உள்ளங்கை அகலத்துக்குள் வந்து உட்கார்ந்தன. ஐந்தாவது குளத்தங்கரைக் கல். அது மட்டும் ஆறடி தள்ளி நின்றது. அந்தக் கல்லில் சங்கிலியைப் பிடித்துத்தான் அன்றைக்குத் தோப்பை அளந்து என் எல்லைக்கல்லை நட்டேன்.

மென்பொருளைத் திட்ட வாயெடுத்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. மண்டலத்தைப் பார்த்தேன், நாற்பத்து மூன்றுதான். அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் ஆறடி.

“உங்க ஊருக் குளத்தங்கரைக் கல்லு தெரியுமா?” என்று வீட்டுக்காரியைக் கேட்டேன்.

“தெரியாம பின்ன? அதுலதான நாங்க துணி அடிச்சோம்.”

“சர்வே கல்லுலயா?”

“நல்ல வழுவழுன்னு இருக்குமில்லா. பிடுங்கிப் படித்துறையில போட்டிருந்தாவ. அளக்க ஆளு வாறான்னு சொன்னா, நாலு பேராத் தூக்கிக்கிட்டுப் போயிக் கரையில நட்டுருவோம். அளந்துட்டுப் போன பெறவு திரும்பவும் படித்துறைக்கு. நீங்க அளந்த வருசம் குழாத் தண்ணி வந்துட்டு, அதோட கல்லு கரையிலேயே நின்னுட்டு.”

“முன்ன இருந்த எடத்துலதான நட்டிய?”

“அந்தத் திக்குலதான். யாரு அடி வச்சு அளந்தா?” என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா நீங்க?”

கேட்கவில்லைதான். கல்யாணமாகி அத்தனை வருசம் அவளோடு ஒரே வீட்டில் இருந்தும், ஒரு கல்லைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என் பெயர் நிற்கும், அந்தப் பெண்ணின் வழி போகும். அந்த மனிதனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இரண்டடிச் சந்தில் போவார்களா? மறுநாள் காலையில் தாளில் அச்சடித்த படத்தோடு தோப்புக்காரர் வீட்டுக்குப் போனேன்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “இந்தக் கல்ல நட்டுனது நீருதான ஓய்?”

“நான்தான். தப்பா நட்டுட்டேன்.”

“நீரு தப்பு பண்ணிட்டேன்னு சொல்லி இப்பதான் கேக்கேன். எழுதித் தருவீரா?”

“எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தாறேன்.”

“அதும் போதாது. தாலுகாவுல இருந்து ஆளு வரட்டும். அவன் சொன்னா நான் மாறுகேன்.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் நட்ட கல் தவறு என்று நானே மனு எழுதினேன். என் ஆயுசில் எழுதிய மிகக் கஷ்டமான நாலு வரி அதுதான். சர்வேயர் வந்து குளத்தங்கரைக் கல்லை விட்டுவிட்டு மற்ற நான்கு கற்களிலிருந்து அளந்தார். அவர் கல்லை நாட்டச் சொன்ன இடம், நான் மென்பொருளில் குறித்த புள்ளியிலிருந்து மூன்று விரற்கடைகூட விலகவில்லை. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? தப்புச் செய்தவனும் நான். கண்டுபிடித்தவனும் நான்.

தோப்புக்காரர் தோண்டின வானத்தை மூடிவிட்டு உள்ளே தள்ளித் தோண்டினார். என்னைப் பார்த்து, “ஆறடி போச்சே ஓய்” என்றார். ஆனாலும் மண்ணை வழியில் குவிக்காமல் தோப்புக்குள்ளேயே போடச் சொன்னார்.

இப்போது எந்த ஊருக்கு அளக்கப் போனாலும், கருவியை இறக்குவதற்கு முன்னால் அங்கே உள்ள பெண்களிடம் எந்தக் கல்லில் துணி துவைத்தீர்கள் என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுச் சொல்லியும் விடுகிறார்கள். இந்த ஜில்லாவில் இந்தக் கேள்வியைக் கேட்கிற அளவுகாரன் நான் ஒருவன்தான்.

புதுக் கல் நட்ட வாரம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். ஆட்டோ குளத்தங்கரையில் திரும்பி வாசல்வரை வந்து நின்றது. அந்தப் பெண் புருசனைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். அவர் வீட்டுக்குள் போகாமல், அவள் தோளில் கைவைத்து நின்றபடி, ஆட்டோ வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்கியும் இடிக்கல்ல” என்றார்.